வாடிவாசல் தெருவில் 143 மில்லிவினாடி

தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். மதுரை வட்டாரத்தில் பொங்கல் ஜல்லிக்கட்டின் கணக்கு இதுதான். மூன்றில் முதலில் வாடிவாசல் திறப்பது அவனியாபுரத்தில். அங்கே சாலையே களம். திருப்பரங்குன்றம் போகும் சாலையின் இருபுறமும் தடுப்புக் கட்டி, பார்வையாளர் மேடைகள் எழுப்பி, தரையில் தென்னைநார் பரப்பி வைக்கிறார்கள். மேடைகளுக்குப் பின்னால் வீடுகளும் கடைகளும் நெடுகச் சுவர்போல நிற்கின்றன. ஆயிரத்தை ஒட்டிய காளைகள் காலை தொடங்கி மாலை வரை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடப்படுகின்றன.

அந்த நாள் முழுக்க ஓயாமல் வேலை செய்வது வர்ணனையாளரின் குரல். மாடு யாருடையது, எந்த ஊர், என்ன பரிசு என்று அறிவிப்பார். பிடித்தால் வீரரின் சட்டை எண்ணைச் சொல்வார். பிடிபடாவிட்டால் மாட்டுக்காரரைப் பரிசு வாங்க அழைப்பார். இவை விழாவின் சுவை. அதே ஒலிபெருக்கியில் வேறு வகை வாசகங்களும் வரும்: வாலைப் பிடிக்காதே, ஒருவர் மட்டும் திமிலைப் பிடி, மாடு திரும்பி வருகிறது ஒதுங்கு, ஆம்புலன்ஸுக்கு வழிவிடு. இந்த வாசகங்களில் ஒரு சொல் புரியாமல் போனாலும் அதற்கு விலை உண்டு.

இப்படிப்பட்ட தெருக்களில் தூரத்து மேடையில் உட்கார்ந்தவரிடம் கேட்டால், சத்தத்துக்குக் குறைவில்லை, பேச்சுதான் விளங்கவில்லை என்பார். ஒலியியலின் ஒரு முழுப் பிரிவே இந்தப் புகாரிலிருந்து பிறந்தது. உரக்கக் கேட்பதும் விளங்கக் கேட்பதும் வெவ்வேறு அளவுகள். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று தானாகக் கூடாது. சில நேரம் குறையவும் செய்யும்.

மைக்செட் ஆபரேட்டரின் கை முதலில் போவது வால்யூம் திருகிடம். அந்தத் திருகு எவ்வளவு தரும் என்று பார்ப்போம். காதுக்கு ஒலி இரண்டு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். 10 டெசிபலுக்கு ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு வாட் தர வேண்டும். இருநூறு வாட் ஓடும் இடத்தில் இரண்டாயிரம் வாட். அவ்வளவு செலவழித்தாலும் கூடுவது பேச்சு மட்டுமல்ல. எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி, அடுத்த கம்பத்திலிருந்து தாமதமாக வரும் அதே பேச்சு, மைக்கில் மோதும் காற்று எல்லாம் பத்து மடங்கு ஆகும். விகிதம் அப்படியே இருக்கும். விளக்கமும் அப்படியே இருக்கும்.

பேச்சின் உடலமைப்பைக் கவனித்தால் காரணம் தெரியும். உயிரொலிகள் பலம் மிக்கவை, தாழ்ந்த அதிர்வெண்களில் திரண்டிருப்பவை. மெய்யொலிகள் மெலிந்தவை, உயர்ந்த அதிர்வெண்களில் கணநேரம் தோன்றி மறைபவை. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹார்வி ஃப்ளெட்சர் ஆங்கிலப் பேச்சை அளந்தபோது, மிகப் பலமான உயிரொலிக்கும் மிக மெலிந்த மெய்யொலிக்கும் இடையே ஆற்றலில் 680 மடங்கு வேறுபாடு கண்டார். அதே ஆய்வுக்கூடத்தின் ஃப்ரெஞ்ச், ஸ்டைன்பெர்க் இருவரும் 1947இல் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது. பேச்சை விளங்கிக்கொள்வதில் சுமார் 1,900 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள பகுதிக்கும் கீழுள்ள பகுதிக்கும் சமப் பங்கு. ஒலியின் ஆற்றலோ பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே தங்கிவிடுகிறது. வாட் செலவாகும் இடம் ஒன்று, பொருள் விளங்கும் இடம் வேறு. போதாததற்கு, தாழ்ந்த ஒலி பலத்தால் உயர்ந்த ஒலியை மறைப்பது நம் உட்காதின் இயல்பு. ஒலி உரத்துப் போகப் போக இந்த மறைப்பும் பரவும். கம்பீரமாக இருக்கட்டும் என்று பேஸைக் கூட்டிவைத்தால் வர்ணனையாளரின் மெய்யெழுத்துகளை அவர் குரலே விழுங்கிவிடும்.

தமிழுக்கு இதில் தனிக் கவலை இருக்கிறது. ல, ள, ழ மூன்றையும் காது பிரித்தறிவது குரல்பாதையின் மூன்றாவது ஒத்ததிர்வை வைத்துத்தான். அது இருப்பது சுமாராக 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். சேதமான குழாய் ஒலிபெருக்கி கரகரக்கும் பகுதியும் ஏறக்குறைய அதுவே.

இரண்டாவது கவலை பெரிது. நம் மொழியில் ஒற்றை மெய்யும் இரட்டை மெய்யும் பொருளையே மாற்றுபவை. "மாடு" என்னும்போது நாக்கு அண்ணத்தைத் தொட்டுவிட்டு உடனே விலகுகிறது. "மாட்டு" என்னும்போது நாக்கு அங்கேயே நிற்கிறது, மூச்சு அடைபடுகிறது, நூறு மில்லிவினாடிக்கு மேல் வாயிலிருந்து எந்த ஒலியும் வருவதில்லை. பாடு, பாட்டு, விடு, விட்டு, எடு, எட்டு, எல்லாவற்றிலும் கேட்பவர் காது இந்தச் சிறு மௌனத்தின் நீளத்தை அளந்துதான் சொல்லைப் பிரிக்கிறது. அந்த மௌனத்துக்குள் முந்தைய அசையின் எதிரொலி வந்து உட்கார்ந்தால் மௌனம் அழிகிறது, சொல்லும் அழிகிறது. வீரர்களின் சட்டை எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தேழு, அறுபத்தேழு, எழுபத்தேழு, எண்பத்தேழு நான்குக்கும் வால் ஒன்றே. வேறுபாடு முழுவதும் தொடக்கத்தில். முந்தைய சொல்லின் மிச்சம் அந்தத் தொடக்கத்தை மூடிவிட்டால், பரிசு யாருக்கு என்பதே சந்தேகமாகும்.

எனவே தெளிவுக்கான வேலை, பேச்சின் நடுவே உள்ள இடைவெளிகளைக் காப்பாற்றும் வேலை. ஒலி ப்ராசஸர் என்று சவுண்ட் சர்வீஸ்காரர்கள் சொல்லும் பெட்டியை நான் இந்தக் கோணத்திலேயே பார்க்கிறேன். மிக்ஸருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே உட்காரும் ஒற்றைத் தட்டு உயரப் பெட்டி அது. ஒரு வாட் கூட அது சேர்ப்பதில்லை. உள்ளே வரும் மின்னலையை வினாடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக்கி, அந்த எண்களைக் கூட்டிப் பெருக்கி, மறுபடி மின்னலையாக்கி அனுப்புகிறது. அந்த அளவீடுகளின் எண்ணிக்கையில் பாதி, அதாவது 24,000 ஹெர்ட்ஸ் வரை, எதுவும் தொலைவதில்லை. நம் காதின் எல்லை 20,000 ஹெர்ட்ஸ்தான் என்பதால் அது தாராளம்.

அந்தப் பெட்டிக்குள் பல வசதிகள் இருந்தாலும், நீண்ட தெருவுக்கு உயிரான வசதி அதிகம் பேசப்படாத ஒன்று: டிலே, அதாவது தாமதம்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். வாடிவாசல் மேடையருகே முதல் கம்பம். அங்கிருந்து 50 மீட்டருக்கு ஒன்றாக வரிசையாகக் கம்பங்கள். எல்லாவற்றிலும் குழாயோ பாக்ஸோ ஏதோ ஒன்று. ஒயரில் மின்சாரம் போகும் வேகத்துக்கு எல்லாக் கம்பங்களும் ஒரே கணத்தில் பேசிவிடும். காற்றில் ஒலி போகும் வேகமோ 30 பாகை செல்சியஸில் வினாடிக்குச் சுமார் 349 மீட்டர். இரண்டாம் கம்பத்தருகே நிற்பவருக்கு அந்தக் கம்பத்தின் பேச்சு உடனே கேட்கும். முதல் கம்பத்தின் அதே பேச்சு 50 மீட்டர் கடந்து 143 மில்லிவினாடி கழித்து வரும். தமிழில் வேகமாகப் பேசுபவர் வினாடிக்கு ஆறேழு அசை உதிர்ப்பார். ஓர் அசைக்கு ஏறத்தாழ 150 மில்லிவினாடி. தாமதமாக வரும் ஒவ்வோர் அசையும் அடுத்த அசையின் தலைமேல் துல்லியமாக வந்து விழுகிறது. மூன்றாம் கம்பத்தருகே மூன்று பேச்சு, நான்காம் கம்பத்தருகே நான்கு. இத்தனைக்கும் எந்தச் சாதனமும் பழுதாகவில்லை. கம்பத்துக்குக் கம்பம் புதிய ஆம்ப்ளிஃபயர் வாங்கி வைத்தாலும் இந்தக் குழப்பம் தீராது.

தீர்வு எளியது. இரண்டாம் கம்பத்தை 143 மில்லிவினாடி காக்க வை. மூன்றாம் கம்பத்தை 286, நான்காம் கம்பத்தை 429. முதல் கம்பத்தின் ஒலி காற்றில் நடந்து வந்து சேரும் கணத்தில் இரண்டாம் கம்பமும் வாய் திறக்கும். தெரு முழுவதும் ஒரே அலையாக நகரும். ப்ராசஸருக்கு இது மிகச் சுலபமான வேலை. வரும் எண்களை நினைவகம் என்ற கிடங்கில் வாங்கி அடுக்கி, குறித்த நேரம் கழித்து வந்த வரிசையிலேயே எடுத்துக் கொடுக்கிறது. 143 மில்லிவினாடிக்கு 6,864 எண்கள். எண்ணுக்கு மூன்று பைட் என்றால் மொத்தம் 20 கிலோபைட்டை ஒட்டித்தான். கையிலிருக்கும் செல்போனில் ஒரு சிறு புகைப்படம் இதைவிடப் பலமடங்கு இடம் பிடிக்கும்.

இன்று அற்பமாகத் தெரியும் இந்த வேலைக்கு ஒரு காலத்தில் பெரும்பாடு பட்டிருக்கிறார்கள். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் பேச்சு விளங்கவில்லை என்று 1950களின் தொடக்கத்தில் பார்க்கின், டெய்லர் என்னும் இரு பொறியாளர்கள் புதிய ஒலிபெருக்கி அமைப்பை நிறுவினார்கள். தாமதத்துக்கு அவர்கள் கையாண்டது, விளிம்பில் காந்தப் பூச்சு பூசிய சுழலும் சக்கரம். ஓரிடத்தில் பேச்சைப் பதித்து, சக்கரம் சற்றுச் சுற்றியதும் இன்னோரிடத்தில் படித்தார்கள். கோட்பாடு அன்றைக்கே முழுமையாக இருந்தது. விலைதான் எட்டவில்லை. 1980களில் ஒலியைக் கணக்கிடுவதற்கென்றே செய்த சில்லுகள் சந்தைக்கு வந்தபின் அதுவும் எட்டியது.

தாமதத்தைச் சரியாக 143 என்று வைக்காமல், எல்லாவற்றுக்கும் 10 மில்லிவினாடி கூட்டி வைப்பது கைதேர்ந்தவர்களின் வழக்கம். ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஹெல்முட் ஹாஸ் 1949இல் செய்த ஆய்வுப் பட்டத்துக்கான பணியே இதற்கு அடிப்படை. ஒரே பேச்சு இரண்டு திசைகளிலிருந்து வந்தால், எது முதலில் வருகிறதோ அந்தத் திசையைத்தான் மூளை பேச்சின் இருப்பிடமாக எடுத்துக்கொள்ளும். இரண்டாவது 5 முதல் 30 மில்லிவினாடி பிந்தி வந்தால், அது 10 டெசிபல் வரை உரத்ததாக இருந்தாலும், தனிக்குரலாகத் தோன்றாமல் முதல் குரலோடு கலந்து அதற்கு வலுவூட்டும். ஆகவே பக்கத்துக் கம்பத்தைச் சற்றே பிந்தவைத்தால், குரல் வாடிவாசலிலிருந்தே வருவதுபோலக் காதுக்குத் தோன்றும். மாடு வரும் திசையை நோக்கியே எல்லாத் தலைகளும் திரும்பும். ஜல்லிக்கட்டுத் தெருவில் இதைவிட நல்ல பாதுகாப்பு வசதி ஒன்று சொல்லுங்கள்.

வெப்பம் மாறினால் இந்த எண்கள் கெடுமா என்று கேட்கலாம். தை மாதக் காலையில் 20 பாகை இருக்கும்போது 100 மீட்டரைக் கடக்க ஒலிக்கு 291 மில்லிவினாடி. மதியம் 30 பாகையில் 286. வித்தியாசம் 5 மில்லிவினாடி. 10 மில்லிவினாடி கூட்டி வைத்ததில் இதுவும் அடங்கிவிடும். காலையில் வைத்ததை மாலைவரை தொட வேண்டியதில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது, அதைப் பலரும் தவறவிடுகிறார்கள். நம் ஊர் வழக்கப்படி ஒரு கம்பத்தில் இரண்டு குழாய்களை முதுகோடு முதுகாகக் கட்டி, ஒன்று கிழக்கும் ஒன்று மேற்கும் பார்க்க வைத்தால், தாமதம் ஒரு திசைக்கு மட்டுமே பொருந்தும். மறு திசையில் குழப்பம் இரட்டிப்பாகும். எல்லா வாய்களும் மேடையிலிருந்து விலகிப்போகும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். மெய்யொலிகள் வாழும் உயர் அதிர்வெண்களில் குழாயின் முதுகுப்பக்கம் ஒலி வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், முன்னால் இருக்கும் அடுத்த கம்பம் கேட்பவரைத் தொந்தரவு செய்யாது. கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்தால் எதிர் மாடிச் சுவரில் மோதுவதும் குறையும். சுவர் எதிரொலியை எந்தப் ப்ராசஸராலும் அழிக்க முடியாது. அது நிற்கும் இடத்துக்கு இடம் மாறும். ஓரிடத்துக்காகச் செய்யும் திருத்தம் பத்தடி தள்ளி நிற்பவருக்குக் கெடுதலாகும். அங்கே ஏணியும் கயிறும்தான் கருவி.

ஒரே திசைக் கட்டுக்கு மேடையில் இருப்பவருக்கும் ஒரு நன்மை உண்டு. தன் குரல் சுமார் 200 மில்லிவினாடி பிந்தித் தன் காதிலேயே உரக்க விழுந்தால் யாருக்கும் நாக்குத் தடுமாறும். அமெரிக்கரான பெர்னார்ட் லீ 1950இல் இதை ஆராய்ந்து எழுதினார். சொற்கள் இழுபடும், அசைகள் இரட்டிக்கும், திக்காதவரும் திக்குவார். எழுபது மீட்டர் தள்ளி மேடையைப் பார்த்து நிற்கும் ஒரு குழாய் இதைக் கச்சிதமாகச் செய்துவிடும். நாள் முழுக்கத் தொண்டை வற்றப் பேசுகிற வர்ணனையாளர் தடுமாறினால், பல நேரம் பிழை அவருடையது அல்ல.

தாமதம் சரியானபின் மற்றவை எளிதாகின்றன. முதல் வேலை, தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டுவது. குழாயின் வாய் அளவுக்குச் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதனால் பேச இயலாது. அனுப்பினால் குழாய்க்குள் ஒலி எழுப்பும் யூனிட்டின் தகடு வீணாக உதறும், நாளடைவில் கிழியும். சுமார் 250, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் மைக்கில் மோதும் காற்றும், மூச்சு வெடிப்பும், தப்புச் சத்தத்தின் அதிர்வும் சேர்ந்தே போய்விடும். குரலின் கம்பீரம் சற்றுக் குறையும். குறையட்டும். அறிவிப்புக்குக் கம்பீரம் தேவையில்லை. அடுத்து, குழாய் தானாகக் கூவும் அதிர்வெண்ணைத் தேடிப் பிடித்து அதை மட்டும் தாழ்த்துவது. ஈக்வலைசரில் கூட்டுவதைவிடக் குறைப்பதே பெரும்பாலும் சரியான வைத்தியம்.

மாடு பாயும்போது வர்ணனையாளர் கத்துவார், பரிசுப் பட்டியல் படிக்கும்போது முணுமுணுப்பார். இந்த மேடுபள்ளத்தைச் சமன் செய்வது கம்ப்ரஸர். மிதமாக வைத்தால் நல்லது. அளவு மீறினால், அவர் மூச்சுவிடும் இடைவெளியில் கூட்டத்தின் இரைச்சலைத் தூக்கிக் கொண்டுவந்து நிரப்பும். காப்பாற்ற வேண்டிய மௌனத்தை நாமே அழித்ததாகும். லிமிட்டர் என்பது யூனிட் எரியாமல் காக்கும் கடைசி வேலி. அதை எப்போதும் போட்டே வைக்க வேண்டும்.

காதைக் கிழிக்கும் "கீ" என்ற ஊளையை எல்லாரும் அறிவார்கள். ஒலிபெருக்கியிலிருந்து மைக்குக்கும் மைக்கிலிருந்து ஒலிபெருக்கிக்கும் ஒலி சுற்றிச் சுற்றி வளர்வது அது. டென்மார்க் இயற்பியலாளர் லார்சனின் பெயரால் அழைக்கப்படுகிறது. ப்ராசஸர் அந்த அதிர்வெண்ணைக் கண்டுபிடித்து ஊசிமுனை அகலத்துக்கு வெட்டும். 1960களில் பெல் ஆய்வுக்கூடத்தில் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் இன்னொரு வழி சொன்னார். பேச்சு முழுவதையும் 5 ஹெர்ட்ஸ் நகர்த்திவிட்டால் சுற்று கூடாது, ஊளையும் வளராது. பாட்டுக்கு ஆகாது, பேச்சில் வித்தியாசம் தெரியாது. இருந்தாலும் இந்த நுட்பங்கள் எல்லாவற்றையும் மிஞ்சும் இலவச மருந்து ஒன்று இருக்கிறது. மைக்கை வாயிலிருந்து ஓர் அடி தூரத்தில் பிடிப்பவர், அதைக் கால் அடிக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல் கிடைக்கும். ஆம்ப்ளிஃபயரைப் பதினாறு மடங்கு ஆக்குவதற்குச் சமம் அது. மேடையில் நான்கு மைக் திறந்திருந்தால் மூன்றை அணைத்தால் இன்னும் 6 டெசிபல்.

இத்தனையும் செய்தபின் விளங்குகிறதா என்று எப்படி அறிவது? நெதர்லாந்தில் ஹவுட்காஸ்ட், ஸ்டீனகன் இருவரும் 1970களில் ஓர் அளவையை உருவாக்கினார்கள். பேச்சின் ஏற்ற இறக்கம் கேட்பவரிடம் சேரும்போது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை ஏழு அதிர்வெண் பட்டைகளில் அளந்து, சுழிக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணாகச் சொல்லும் முறை அது. பள்ளங்கள் நிரம்பிப்போனால் எண் இறங்கும். அவசர அறிவிப்புகளுக்குக் குறைந்தது 0.5 வேண்டும் என்பது உலகெங்கும் பழக்கமான அளவுகோல்.

கருவி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. ஒருவர் மேடையில் நின்று வரிசை மாற்றி மாற்றிப் படிக்கட்டும்: பல்லி, பள்ளி, மாடு, மாட்டு, வாளை, வாழை, விடு, விட்டு, நாற்பத்தேழு, எழுபத்தேழு. இன்னொருவர் ஒவ்வொரு கம்பத்தருகிலும், இரண்டு கம்பங்களுக்கு நடுவிலும் நின்று, கேட்டதை எழுதட்டும். வாக்கியமாகப் படிக்கக் கூடாது. வாக்கியத்தில் விடுபட்ட சொல்லை மூளை தானாக இட்டு நிரப்பிக்கொள்ளும். எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டால் எந்தக் கம்பத்தில் கோளாறு என்று அரைமணியில் தெரிந்துவிடும்.

சட்டமும் இதே பக்கம் நிற்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி, பொது இடத்தின் எல்லையில் ஒலிபெருக்கியின் அளவு அப்பகுதிக்குரிய வரம்பைவிட 10 டெசிபலுக்கு மேலோ, 75 டெசிபலுக்கு மேலோ போகக் கூடாது. இரண்டில் எது குறைவோ அதுவே எல்லை. குடியிருப்புப் பகுதியின் பகல் வரம்பு 55. எனவே அங்கே 65. கூட்டம் ஆர்ப்பரிக்கும் தெருவில் இந்த எண்ணுக்குள் நின்று விளங்க வைப்பது கடினம். சத்தத்தைக் கூட்டி விளங்கவைக்க முயல்பவர்களுக்கு அது முடியவே முடியாது.

அவனியாபுரமோ வேறு ஊரோ, தை பிறக்குமுன் மைக்செட் பேசி முடிக்கும் விழாக் குழுவினருக்கு என் வேண்டுகோள்: எத்தனை குழாய், எத்தனை வாட் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். கம்பத்துக்குக் கம்பம் டிலே வைக்கும் ப்ராசஸர் இருக்கிறதா, குழாய்கள் ஒரே திசை பார்க்குமா என்று கேளுங்கள். போகி அன்று சாயங்காலம் சாலையில் நாடாவைப் பிடித்துக் கம்பங்களின் தூரத்தை அளந்து, மேலே சொன்ன பத்துச் சொற்களை ஒருமுறை படித்துப் பாருங்கள். விடிந்தால் அந்தத் தெருவில் மாடு வரும்.